பாதிப் போர்வை

இது நடந்த விஷயம். நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். உங்களை நம்ப வைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. வெள்ளை உடையில் மிதந்து வரும் பெண், ஊளையிடும் நாய், தானாகத் திறந்துகொள்ளும் கதவு என்று எதையாவது எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இதில் அவை எதுவும் கிடையாது. ராத்திரிகூடக் கிடையாது. காலை நேரம், ஆஸ்பத்திரி முழுக்க வெளிச்சம், கேன்டீனில் காபிக்கு வரிசை. பேய்க்கு ராத்திரிதான் டியூட்டி என்று எவனோ கிளப்பிவிட்டதை நாம் இன்னும் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம்.

நடந்தது என் சொந்த அக்காவுக்கு. அவள் சொன்னால் அது பொய்யாக இருக்காது. பெரிய உத்தமி என்பதால் அல்ல. ஒருவரிடம் பொய் சொல்ல வேண்டுமென்றால், அவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பாரோ என்ற கவலை கொஞ்சமாவது இருக்க வேண்டும். அக்காவுக்கு அந்தக் கவலை யார் விஷயத்திலும் இருந்ததில்லை.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் அவள் தலைமை நர்ஸ். அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் 'கடுகு'. உருவம் சின்னது, சூடு பட்டால் வெடிக்கும். முதுகுக்குப் பின்னால் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதை ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டர்கள் என்றால் அவளுக்கு இளக்காரம். நிர்வாகம் என்றால் அருவருப்பு. வராந்தாவில் நின்று செல்போனில் அழுதுகொண்டே நடுவில் வேறு ஒருவரிடம் சிரித்துப் பேசும் சொந்தக்காரர்களைக் கண்டால் வயிற்றெரிச்சல். பேய், பிசாசு, பிணவறையில் சத்தம் கேட்டது என்று எவராவது ஆரம்பித்தால் போதும், அன்றைக்கு அவர்கள் கதை முடிந்தது.

"செத்தவங்கதான்டா நல்லவங்க" என்பாள் என்னிடம். "சத்தம் போட மாட்டாங்க, மேனேஜரைக் கூப்பிடுன்னு சொல்ல மாட்டாங்க. பேயெல்லாம் பார்வையாளர் நேரத்துல பழக்கூடை தூக்கிக்கிட்டு வரும்."

அன்று காலை இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். அண்ணனும் தம்பியும். லாரி விபத்து. லாரி அவர்களுடைய சொந்த வண்டி. அண்ணன் ஓட்டுவான், தம்பி பக்கத்தில் உட்கார்ந்து வருவான். முந்தின இரவு கொட்டிய மழையில், தரை ஓடுகள் ஏற்றிக்கொண்டு மலையிறங்கும்போது ஒரு வளைவில் வண்டி சறுக்கி, உருண்டு, கீழே ஓடையில் போய் விழுந்திருக்கிறது. ராத்திரி முழுக்க அந்த வழியாக எத்தனையோ வண்டிகள் போயிருக்கும். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. விடிந்த பிறகு, நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போன யாரோ, தண்ணீருக்கு மேலே நின்ற சக்கரத்தைப் பார்த்துப் போன் செய்திருக்கிறார்.

தம்பிக்குத் தொடை கிழிந்து எலும்பு வெளியே வந்திருந்தது. அண்ணனுக்கு விலா நொறுங்கி, வயிற்றுக்குள் ரத்தம். ஆம்புலன்ஸ்காரர்கள் சொன்னது இது: தம்பியின் தொடையை இறுக்கிக் கட்டியிருந்தது அண்ணனின் சட்டை. அண்ணன் வெற்றுடம்போடு இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, தம்பியின் தலையைத் தண்ணீர் படாமல் நெஞ்சோடு தூக்கிப் பிடித்தபடி இருந்திருக்கிறான். ராத்திரி முழுக்க அப்படியே இருந்திருக்க வேண்டும்.

முதலில் உள்ளே வந்தது அண்ணனின் ஸ்ட்ரெச்சர்தான். அக்கா சூட்டு அலமாரியைத் திறந்து ஒரு தடித்த போர்வையை எடுத்து அவன்மேல் போட்டாள். அந்த அலமாரியில் போர்வைகளை எப்போதும் வெதுவெதுப்பாக வைத்திருப்பார்கள். இருபது இருக்க வேண்டிய இடத்தில் நான்கோ ஐந்தோதான் இருக்கும். மீதியை வீட்டுக்குச் சுருட்டிக்கொண்டு போவதற்கென்றே நம் ஜனங்கள் நோயாளியைப் பார்க்க வருகிறார்கள்.

அன்று டியூட்டி டாக்டராக இருந்தவருக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர். தலை கலையாது, சட்டை கசங்காது, எந்நேரமும் சென்ட் வாசனை. மாலையை மட்டும் காணோம் என்பாள் அக்கா. மாப்பிள்ளை வந்தார். கையுறையைக் கழற்றாமலே அண்ணனின் கழுத்தில் இரண்டு விரல்களை வைத்தார். கண்ணில் டார்ச் அடித்தார். தும்மி முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

"முடிஞ்சது. அடுத்தவரைப் பாருங்க" என்றார்.

இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர் ஒன்றுதான் சும்மா இருந்தது. அதைத் தம்பிக்காக ஏற்கனவே இழுத்துப் போயிருந்தார்கள். அக்காவும் புறங்கையை அண்ணனின் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாட்டில்போல இருந்தது. அவளுக்கு அதில் சந்தேகம் எதுவும் வரவில்லை.

அந்தப் பிரிவில் அவள் போட்ட சட்டம் ஒன்று உண்டு. போர்வை குறைவு என்பதால், ஒருவர் செத்துவிட்டார் என்று டாக்டர் சொன்ன மறுநொடியே அவர்மேல் இருக்கும் சூட்டுப் போர்வை உயிரோடு இருப்பவருக்குப் போக வேண்டும். புதிதாக வந்த நர்சுகள் அதற்குக் கூச்சப்படுவார்கள், முகம் சுளிப்பார்கள். அக்கா கூச்சப்பட்டதில்லை. அண்ணன்மேலிருந்த போர்வையை ஒரே இழுப்பில் எடுத்துத் தம்பிமேல் போட்டாள். அண்ணனுக்கு ஒரு மெல்லிய வெள்ளைத் துணி. போலீஸ் காகிதம் வரும்வரை அவனை வெளியே, வராந்தாச் சுவரோரம் தள்ளி நிறுத்தச் சொன்னாள்.

இப்போது தம்பி.

நெய் குளிர்ந்தால் உறையும். ரத்தமும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும்வரை. ரத்தம் அதற்கு நேர்மாறு. உடம்பு குளிர்ந்துவிட்டால் ரத்தம் உறைவதை மறந்துவிடும். காயத்திலிருந்து ஒழுகும், ஊசி போட்ட ஓட்டையிலிருந்து ஒழுகும், ஈறிலிருந்துகூடக் கசியும். ரத்தம் போகப் போக உடம்பு இன்னும் குளிரும். உடம்பு குளிரக் குளிர ரத்தம் இன்னும் போகும். கையில் கத்தியோடு எவ்வளவு பெரிய டாக்டர் நின்றாலும் இந்தச் சுழலுக்குள் போனவனை வெளியே இழுக்க முதலில் வேண்டியது சூடுதான்.

தம்பியின் உடம்புச் சூடு முப்பத்திரண்டுக்கும் கீழே இருந்தது. சாதாரணமாக முப்பத்தேழு இருக்க வேண்டும். அறுவை டாக்டர் வந்து, தொடையில் பீறிட்ட ரத்தக் குழாயைக் கவ்வி போட்டுப் பிடித்தார். ஆபரேஷன் தியேட்டரில் ஏற்கனவே ஒருவரின் வயிறு திறந்து கிடந்தது. "இவரை முதல்ல சூடாக்குங்க. இப்படியே நான் தைச்சா, தைக்கற ஒவ்வொரு ஓட்டை வழியாவும் ஒழுகும்" என்று சொல்லிவிட்டு, எல்லாம் தெரிந்தவர்கள் நடக்கும் நடையில் நடந்து போய்விட்டார்.

அக்கா ஏசியை அணைத்தாள். வியர்க்கிறது என்று மாப்பிள்ளை முணுமுணுத்தார். மேக்கப் கலைந்தால் போட்டுவிட ஆள் வரச் சொல்லட்டுமா என்று அவள் கேட்ட பிறகு முணுமுணுப்பு நின்றது. ஈரத்துணியை எல்லாம் வெட்டி எறிந்து உடம்பைத் துடைத்தாயிற்று. ரத்தம் சூடாக்கும் கருவி வழியாக இறங்கியது. சூடான காற்றை ஊதும் குழாயைப் போர்வைக்கு அடியில் செருகி, போர்வையின் நான்கு ஓரங்களையும் மெத்தைக்கு அடியில் மடித்துச் சொருகினாள். இருபத்தாறு வருடமாகச் செய்கிற வேலை. அவள் சொருகிய போர்வையை நோயாளி உருண்டாலும் எடுக்க முடியாது.

திரும்பி மருந்தை எடுத்துக்கொண்டு வந்தாள். இடது பக்கம் போர்வை வெளியே வந்திருந்தது.

வராந்தாவைப் பார்த்த பக்கம் அது. யாரோ கைபட்டு இழுத்திருப்பார்கள் என்று நினைத்தாள். மறுபடி சொருகினாள். அந்த அறையில் கைகால் ஒழுங்காக வேலை செய்கிறவர் தன்னைத் தவிர எவருமில்லை என்பது அவளுடைய பழைய கருத்து. சொருகிவிட்டு மானிட்டரைப் பார்த்தாள். உடம்புச் சூடு ஏறவில்லை. இவ்வளவு செய்தும் ஏறவில்லை. ஒரு புள்ளி இறங்கியிருந்தது.

காற்று ஊதும் இயந்திரம் பழுதோ என்று குழாயின் வாயில் கையை வைத்துப் பார்த்தாள். கை சுட்டது. இயந்திரம் நன்றாகத்தான் இருந்தது. தம்பியின் காயத்தில் வைத்துக் கட்டிய பஞ்சு மறுபடி சிவந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பிழைக்க மாட்டான் போலிருக்கிறது என்ற பொருளில் உதட்டைப் பிதுக்கினார். அந்த உதட்டை அப்படியே பிடித்துத் தைத்துவிடலாம் போல அக்காவுக்குக் கோபம் வந்தது. அவனுக்கு இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதுதான் இருக்கும். காதோரம் ஓடைச் சேறு இன்னும் ஒட்டியிருந்தது. இவனை விட மாட்டேன் என்று அவளுக்குள் ஒரு வீம்பு ஏறியது.

அப்போதுதான் தம்பி நகர்ந்தான்.

தொடையெலும்பு முறிந்தவன் நகர மாட்டான். வலி விடாது. ஆனால் இவன், அரை மயக்கத்தில் கண்ணை மூடியபடி, உடம்பை மெல்ல மெல்ல வலது பக்கம் ஒதுக்கிக்கொண்டான். குறுகலான படுக்கை அது. ஒரு ஆள் படுக்கவே இடம் போதாது. அதில் இடது பக்கம் பாதியைக் காலியாக விட்டு ஒட்டிப் படுத்தான்.

உதடு அசைந்தது. அக்கா குனிந்தாள்.

"வாங்கண்ணே..." என்றான். "உள்ள வாங்க."

பிதற்றல். ரத்தம் போனவர்கள் பிதற்றுவார்கள். அம்மாவைக் கூப்பிடுவார்கள், வீட்டுக்குப் போகணும் என்பார்கள். அக்கா கேட்காத பிதற்றலா? அவனைச் சரியாக நகர்த்திப் படுக்க வைப்பதற்காகக் காலியாக இருந்த பாதியில் கையை ஊன்றினாள்.

ஈரம்.

ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் அந்த விரிப்பை மாற்றியிருந்தாள். காய்ந்த விரிப்பு. மேலே சூடான காற்று ஊதிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் விரிப்பு சில்லென்று நனைந்திருந்தது. விரலை மோந்து பார்த்தாள். ரத்தமில்லை, மருந்தில்லை. சேற்று வாசம்.

உள்ளங்கையில் என்னவோ உறுத்தியது. பொடி மணல். ஓடை மணல்.

"ஏன் சிஸ்டர் அப்படியே நிக்கிறீங்க?" என்று மாப்பிள்ளை கேட்டார். நீங்கள் நினைப்பதுபோல அவள் பயந்துவிடவில்லை. விரிப்பை யார் சரியாக மாற்றவில்லை என்றுதான் முதலில் யோசித்தாள். மாற்றியது தான்தான் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மானிட்டர் இன்னும் ஒரு புள்ளி இறங்கியது.

இடது பக்கம் போர்வை அசைந்தது. அவள் கண்ணெதிரே அசைந்தது. மெத்தைக்கு அடியில் இறுகச் செருகியிருந்த ஓரம்... சிறிது சிறிதாக... வெளியே வந்தது. யாரும் தொடவில்லை. காற்று தள்ளினால் போர்வை மேலே உப்பும். இது உப்பவில்லை. பக்கவாட்டில் போனது.

தூங்கும்போது பக்கத்தில் படுத்தவர் இழுப்பதுபோல.

அக்கா ஓரத்தை எட்டிப் பிடித்தாள். இழுத்தாள். மறுபக்கமும் இழுத்தது. வேகமாக இல்லை. வலுவாகவும் இல்லை. ஆனால் விடவில்லை.

"சிஸ்டர்..." மாப்பிள்ளையின் குரல் கீச்சிட்டது. அவரும் பார்த்துவிட்டார். பார்த்ததும் செய்த முதல் காரியம், சுவரோடு ஒட்டிக்கொண்டது. படித்த படிப்பு அவ்வளவுதான்.

அக்கா போர்வைக்கு அடியில் கையை விட்டாள். எது மாட்டியிருக்கிறது என்று பார்க்க.

ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

விரல்கள். ஐந்து. உறைந்துபோன மாதிரி குளிர்.

பிடியில் பலமே இல்லை.

தம்பியின் இரண்டு கைகளும் போர்வைக்கு மேலே, அவள் கண்ணெதிரே கிடந்தன.

அக்கா கையை உதறினாள். உதறிய வேகத்தில் மருந்துத் தட்டு கீழே விழுந்து அறை முழுக்கச் சத்தம். மணிக்கட்டில் ஐந்து இடத்தில் ஈரம் இருந்தது. அவள் பயந்துவிட்டாள். என்னிடம் சொல்லும்போது அதை அவள் மறைக்கவில்லை. பயந்தேன்டா என்றாள். ஆனால் அக்காவுக்குப் பயம் வந்தால் அது ஒரு நிமிடத்துக்குமேல் பயமாக இருக்காது, கோபமாக மாறிவிடும். மானிட்டரைப் பார்த்தாள். முப்பத்தொன்று. தம்பியின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. இந்தப் பையன் தன் கண்முன்னாலேயே சாகப் போகிறான். இழுத்துக்கொண்டு போகிறவன் வெளியே வராந்தாவில் படுத்திருக்கிறான்.

அவளுக்குப் புரிந்தது அப்படித்தான். செத்தவன் தனியாகப் போகப் பயந்து கூடப்பிறந்தவனைத் துணைக்குக் கூப்பிடுகிறான். இருபத்தாறு வருடம் பேயை நம்பாதவள், நம்ப ஆரம்பித்த முதல் நிமிடத்திலேயே அதையும் இளக்காரமாகத்தான் பார்த்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். சுவரோரம் ஸ்ட்ரெச்சர் நின்றது. இரண்டடி தள்ளி ஒருவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் துணி தலையோடு கால் மூடியிருந்தது. முகத்துக்கு மேலே, வாய் இருக்கும் இடத்தில், துணி கொஞ்சம் நனைந்திருந்தது. தலைமுடியிலிருந்து ஊறிய தண்ணீர் என்று அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குனிந்தாள். துணிக்கு மேலேயே, காது இருக்கும் இடத்தில் வாயை வைத்தாள். பக்கத்தில் காபி குடித்தவருக்குக்கூடக் கேட்காத குரலில் பேசினாள்.

"இந்தா பாரு. உனக்கு முடிஞ்சுபோச்சு. அது உன் தலையெழுத்து. அந்தப் பையனை ஏன் இழுக்கற? அண்ணன்னு சொல்லிக்க வெக்கமா இல்ல? நல்ல ஆம்பளையா இருந்தா அவனை விட்டுட்டுப் போ. போ இங்கேருந்து."

நிமிர்ந்து ஆமையைக் கூப்பிட்டாள். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவருக்கு அதுதான் பெயர். வேகத்தைப் பார்த்து வைத்தது. போலீஸ் காகிதம் இன்னும் வரவில்லையே என்று அவர் இழுத்தார். காகிதத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், இந்த நிமிடமே இவனைக் கொண்டுபோய்க் குளிரறைப் பெட்டியில் வைத்துப் பூட்டு என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் ஆமை வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஓடினார். சக்கரச் சத்தம் வராந்தா முனைவரை போய், லிப்டுக்குள் நுழைந்து, நின்றது.

அக்கா உள்ளே திரும்பினாள். போர்வை அசையாமல் கிடந்தது. ஓரத்தைச் சொருகினாள். நின்று பார்த்தாள்.

வெளியே வரவில்லை.

தம்பி பெருமூச்சு விட்டான். அவன் உடம்பு தளர்ந்து, மெல்லப் படுக்கையின் நடுவுக்கு வந்தது. மானிட்டரில் ஒரு புள்ளி ஏறியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அதன் பிறகு கடகடவென்று ஏற ஆரம்பித்தது. பஞ்சு சிவப்பது நின்றது. தியேட்டர் காலியானபோது அவன் முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தான். அறுவை டாக்டர் தைத்தார், காலைக் காப்பாற்றினார், வெளியே வந்து எல்லாம் தன்னால்தான் என்பதுபோலக் கை கழுவினார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் ஒரே அமர்க்களம். அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நடந்ததை நடித்தே காட்டினாள். மாப்பிள்ளை சுவரோடு ஒட்டிய காட்சியை மூன்று தடவை செய்யச் சொல்லி என் பிள்ளைகள் கேட்டார்கள். பேய்க்கே டோஸ் விட்டவள் என்று என் மனைவி சிரித்துச் சிரித்து இருமினாள். நானும் சிரித்தேன். "ஒரு அதட்டல்தான்டா. பொட்டிப் பாம்பா அடங்கிட்டான். இதுக்குப் போயி மந்திரிக்கறான், தகடு கட்டறான், கூறுகெட்ட ஜனங்க" என்றாள் அக்கா. அவளை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

மறுநாள் மாலை தம்பிக்கு நினைவு திரும்பியது. அண்ணன் இறந்ததை அவனுக்கு எப்படிச் சொல்வது என்று வார்டு டாக்டர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றதால், அதையும் அக்காவே போய்ச் சொன்னாள். அவன் அழவில்லை. தெரியும் என்று தலையை ஆட்டினான்.

"பக்கத்துலதான் படுத்திருந்தாரு" என்றான். "குளிருதுடா, கொஞ்சம் போர்வை குடுன்னாரு. அண்ணன் எங்கிட்ட எதையும் கேட்டதே இல்ல. அன்னிக்குத்தான் கேட்டாரு. நான் நகர்ந்து எடம் விட்டேன்."

அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பறம், சிஸ்டர் போகச் சொல்றாங்கடா, நான் போறேன்னாரு. நீயே போத்திக்கோன்னு போர்வையை விட்டுட்டாரு."

வராந்தாவில் துணிக்கு மேலே குனிந்து, எவருக்கும் கேட்காமல் சொன்ன வார்த்தை அது. கதவு மூடியிருந்தது. உள்ளே படுத்திருந்தவனுக்கு அது கேட்டிருக்க வழியே இல்லை. அக்காவுக்கு அது புரிந்தது. இருந்தாலும், செத்தவன் சொல்பேச்சு கேட்கிறவனாக இருந்திருக்கிறான், உயிரோடு இருக்கும் டாக்டர்களைவிட மேல் என்று அன்றைக்கும் வந்து என்னிடம் சொன்னாள். இந்தத் தடவை சிரிப்பு அவ்வளவாக வரவில்லை.

சொந்தக்காரர்கள் தூரத்திலிருந்து வர வேண்டியிருந்தது, போலீஸ் காகிதமும் தாமதம். அதனால் அண்ணனின் உடலை மூன்றாம் நாள்தான் வெளியே எடுத்தார்கள். அன்று மத்தியானம் பிணவறை டாக்டர் அக்காவைத் தேடிக்கொண்டு மேலே வந்தார். வயதானவர், குரல் உயராதவர். அந்த ஆஸ்பத்திரியிலேயே அக்கா மதித்த ஒரே டாக்டர் அவர்தான். அவரிடம் போனவர்கள் யாரும் இதுவரை புகார் சொன்னதில்லை என்பாள்.

லாரி டிரைவரைப் பெட்டியில் வைத்தது யார் என்று கேட்டார். அக்கா ஆமையைக் கூப்பிட்டுவிட்டாள். எப்போதும் வைக்கிற மாதிரி மல்லாக்க, காலை நீட்டி, கையைப் பக்கத்தில் வைத்துத்தான் படுக்க வைத்தேன், பூட்டியதும் நான்தான், இன்று காலைவரை வேறு யாரும் திறக்கவில்லை என்றார் ஆமை. டாக்டர் அவரை அனுப்பிவிட்டு அறைக் கதவைச் சாத்தினார்.

"இழுத்து வெளிய எடுத்தப்போ ஒருக்களிச்சுச் சுருண்டு கெடந்தாரு, சிஸ்டர். முழங்கால் நெஞ்சு வரைக்கும் வந்திருந்துது. ரெண்டு கையும் தொடைக்கு நடுவுல. மேல போட்ட துணியை உடம்போட சுத்தி இறுக்கிப் பிடிச்சிருந்தாரு."

பெட்டியை இழுக்கும்போது உடல் புரண்டிருக்கும், விறைக்கும்போது அப்படி ஆகியிருக்கும் என்று அக்கா ஏதேதோ சொன்னாள். தன் குரலே தனக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டதாம்.

"செத்தவங்க விறைப்பாங்க" என்றார் அவர். "குளிருதுன்னு சுருண்டுக்க மாட்டாங்க."

அந்த அளவுக்குக் குளிர்ந்த உடம்பில் நாடி விரலுக்கு அகப்படாது, இதயம் நிமிடத்துக்குச் சில தடவை மட்டும் முனகிக்கொண்டிருக்கும், மூச்சு இருப்பதே தெரியாது என்று அவர் நிதானமாகச் சொன்னார். அக்காவுக்குத் தெரியாத விஷயமில்லை. வராந்தாவில் இருந்தபோது அவனால் ஒரு விரலையாவது அசைத்திருக்க முடியுமா, யாருடைய கையையாவது பிடித்திருக்க முடியுமா என்று கேட்டாள். முடியவே முடியாது, சாகும் முன் கடைசியாக உடம்பு தானாகச் சுருண்டுகொள்வது வேறு என்றார். அப்படியானால் உள்ளே தன் மணிக்கட்டைப் பிடித்தது எது என்று அவள் கேட்கவில்லை.

அறிக்கையில், கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்று எழுதினார்கள். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். அவருக்கு மேலே இருந்தவர் போட்டார், அவருக்கும் மேலே இருந்தவர் போட்டார். ஒருவர் கைகூட நடுங்கவில்லை. மாப்பிள்ளை இப்போது இதைவிடப் பெரிய ஆஸ்பத்திரியில், இதைவிட நல்ல ஏசிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். அவரை நினைத்தால் எனக்கு எச்சில் துப்பத் தோன்றுகிறது. ஆனால் போர்வையை இழுத்தது அவர் கை இல்லை. போ என்று சொன்னது அவர் வாய் இல்லை. அது அக்காவுக்கும் தெரியும்.

அன்று மத்தியானம், பேசி முடித்துப் பிணவறை டாக்டர் எழுந்து கதவுவரை போய்விட்டார். அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"போர்வையை எடுக்காம விட்டிருந்தா...?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதை மட்டும் நீங்க கேட்டுடக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டேதான் சிஸ்டர், மேல வந்தேன்" என்றார்.